சமையல் பத்தின கொரியன் சீரியல் எதுல ஆரம்பிக்கலாம், அதுல வர்றது நிஜ கிச்சன் தானா?

கேள்வி மூணு பாகமா இருக்கு. சமையல்காரங்க கதையா வர்ற கொரியன் டிராமா பாக்கணும்னா எதுல தொடங்குறது, அதுல காட்டுறதெல்லாம் நிஜத்துல நடக்குமா, சப்டைட்டில் படிக்காத அம்மாவோட சேந்து உக்காந்து பாக்க முடியுமா. மூணுக்கும் சொல்றேன், ஆனா வரிசையா வராது, இந்த விஷயத்துல எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கேட்டரிங் படிச்சுட்டு 11 வருஷமா ஹோட்டல் கிச்சன்ல வேலை பாக்குறேன். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வீடு வர பன்னெண்டு ஆயிடும், படுத்தாலும் தூக்கம் வராது, காதுக்குள்ள எக்ஸாஸ்ட் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல பாக்க ஆரம்பிச்சதுதான் இந்த சீரியல் எல்லாம். முதல்ல தப்பு கண்டுபிடிக்கத்தான் பாத்தேன், இவன் கத்தி புடிக்கிற லட்சணத்த பாருன்னு. அப்புறம் எப்ப உள்ள விழுந்தேன்னு தெரியல.

தொடங்குறதுன்னா 'தே ஜாங் கும்'ல தொடங்குங்க. பழசு, 2003 செப்டம்பர்ல இருந்து 2004 மார்ச் வரைக்கும் எம்.பி.சி. சேனல்ல வந்தது, 54 எபிசோடு, லீ யங் ஏ ஹீரோயின். அப்ப கொரியாவுல டிவி பாத்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இத பாத்திருக்காங்க, ரேட்டிங் 50 சதவீதத்த தாண்டுச்சு. இலங்கையில ரூபவாஹினியில 2012ல சிங்களத்துல 'சுஜாத தியணி'ன்னு டப் பண்ணி போட்டப்ப ஊரே பாத்துச்சு, நம்ம தூர்தர்ஷன்லயும் ஹிந்தியில வந்திருக்கு. படம் எடுத்த விதம் இப்ப பாக்க கொஞ்சம் பழசா தெரியும், முதல் ரெண்டு எபிசோடு அம்மா அப்பா கதை ஓடும், பொறுமையா இருங்க. அந்தக் குட்டிப் பொண்ணு அரண்மனைக்குள்ள வந்ததும்தான் நம்ம கதை.

அரண்மனையில ராஜாவுக்கு சமைக்கிற இடத்துக்கு சுராகான்னு பேரு. அங்க இருக்கிற பெரிய பதவி பொம்பளைங்க சாங்குங். அதுல ஹான் சாங்குங்னு ஒருத்தங்க, யாங் மி கியங் நடிச்சிருக்காங்க, அவங்ககிட்டதான் நம்ம ஜாங் கும் டிரெயினியா வந்து சேருது. சமையல் கத்துக்க வந்த புள்ளைக்கு முதல் பாடம் என்ன தெரியுமா, "குடிக்க தண்ணி கொண்டு வா". அவ்வளவுதான். புள்ள கொண்டு வரும், இவங்க வேணாம்னு திருப்பி அனுப்புவாங்க. மறுபடி கொண்டு வரும், மறுபடி திருப்புவாங்க. சுடுதண்ணி, பச்சத்தண்ணி, எதுவும் ஆகல. இப்படியே நாள் கணக்கா போகும். கடைசியில அந்தப் புள்ள தண்ணிய கொண்டு வராம கேள்வி கேக்கும்: வயிறு வலிக்குதா, வெளிக்கு ஒழுங்கா போச்சா, தொண்டை எதுவும் கரகரன்னு இருக்கா. தொண்டை லேசா வலிக்குதுன்னு அவங்க சொன்னதும் வெதுவெதுப்பா தண்ணியில துளி உப்பு போட்டு கொண்டு வந்து, மெதுவா டீ குடிக்கிற மாதிரி குடிங்கன்னு சொல்லும். வீட்ல அவங்கம்மா அப்படித்தான் கேட்டுட்டு குடுப்பாங்களாம். பாத்திரத்துல ஊத்திட்டா தண்ணியும் சாப்பாடுதான், அதனால சாப்பிடப்போறவங்க உடம்பு எப்படி இருக்குன்னு தெரியாம எதுவும் குடுக்கக்கூடாதுன்னு பாடம்.

இத பாத்த அன்னிக்கு போன ஆஃப் பண்ணிட்டு சும்மா படுத்திருந்தேன். ஏன்னா எங்க கிச்சன்ல சாப்பிடுறவங்கள நாங்க பாக்கவே மாட்டோம். பிரிண்டர்ல கே.ஓ.டி.ன்னு ஆர்டர் சீட்டு வரும், டேபிள் 9, கவர் 4 (நாலு பேரு), ரெண்டு ஃபிஷ் கறி, ஒரு ஸ்பைஸி கம்மி. யாரு அந்த ஸ்பைஸி கம்மி, சின்னப் புள்ளையா, அல்சர்காரரா, தெரியாது. பிளேட்ட பாஸ்ல, அதான் சாப்பாட்ட எடுத்துக் குடுக்கிற மேடையில, வெச்சு பெல் அடிச்சா சர்வீஸ் பையன் தூக்கிட்டு போயிடுவான். காலித்தட்டு கூட எங்ககிட்ட வராது, அது பாத்திரம் கழுவுற ஸ்டூவர்டிங் பக்கம் போயிடும். இப்படி வருஷக்கணக்கா முகமே தெரியாதவங்களுக்கு சமைச்சிருக்கேன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

இன்னொரு சீன் எல்லாரும் சொல்றதுதான், ஆனா விட முடியாது. ஒரு கறியில இனிப்புக்கு என்ன போட்டிருக்குன்னு பெரியவங்க கேப்பாங்க, மத்த புள்ளைங்க எல்லாம் சக்கரைன்னு சொல்லும், ஜாங் கும் மட்டும் பழுத்த பெர்சிமன்னு சொல்லும். நம்ம ஊர்ல சீமை பனிச்சைம்பாங்க, பாக்க தக்காளி மாதிரி இருக்குமே அந்தப் பழம். எப்படி கண்டுபுடிச்சன்னு கேட்டா, "பெர்சிமன் ருசி வந்துச்சு, அதான் பெர்சிமன்னு சொன்னேன், ஏன்னு கேட்டா என்ன சொல்றது"ன்னு முழிக்கும். நல்ல நாக்கு உள்ளவங்க நிஜத்துலயும் இப்படித்தான் பேசுவாங்க, விளக்கம் குடுக்கத் தெரியாது. எங்க கிச்சன்ல ஒரு அக்கா இருந்தாங்க, காய் வெட்டத்தான் வந்தாங்க, குழம்பு கொதிக்கிற வாசனையிலேயே உப்பு போடலன்னு சொல்லிடுவாங்க.

அதே நாக்கு ஜாங் கும்க்கு பின்னாடி போயிடும். இளவரசன் ஒருத்தனுக்கு கை கால் வராம போனது ஏன்னு கண்டுபிடிக்க ஜாதிக்காயும் ஜின்செங்கும் சேந்தா என்ன ஆகும்னு தானே தின்னு பாக்கும், அதுல ருசி மொத்தமா போயிடும். சமையல்காரிக்கு நாக்கு போனா என்ன மிச்சம்? ஹான் சாங்குங் அவள வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ருசிய மனசுல வரைஞ்சு பாக்கிற தெறமை உனக்கு இருக்கு, பாத்து, தொட்டு, ஞாபகத்துல இருந்து சமைன்னு பழக்குவாங்க. சினிமாத்தனமா தெரியலாம். 2021 மே மாசம் கொரோனா வந்து எனக்கு மூக்கு போச்சு. தாளிச்சா வாசனை இல்ல, பெருங்காயம் டப்பாவ திறந்து மூக்குகிட்ட வெச்சா வெறும் காத்து. பார்சல் மட்டும் ஓடிட்டு இருந்த நேரம், ஆள் இல்ல, திரும்ப டூட்டிக்கு போயிட்டேன். வெங்காயத்தோட கலரு, எண்ணெய் பிரியற சத்தம், கரண்டிய தூக்குனா கிரேவி விழற கனம், இத வெச்சே ஆறு வாரம் ஓட்டுனேன், உப்பு மட்டும் டிரெயினி பையன விட்டு பாக்க சொல்லுவேன். அதனால அந்த எபிசோட நக்கல் பண்றவங்க யாராவது இருந்தா என்கிட்ட வந்து பேசட்டும். (ஜாங் கும்க்கு தேனீ கொட்ட வெச்சு ருசிய திரும்ப வர வைப்பாங்க, அத மட்டும் வீட்ல டிரை பண்ணாதீங்க.)

இங்க ஒரு எச்சரிக்கை. 54ம் சமையல் இல்ல. 27வது எபிசோடு வரைக்கும்தான் அடுப்படி. அங்க ஹான் சாங்குங்க்கு நடக்கிறத நான் சொல்ல மாட்டேன், அவங்கள சாகடிக்காதீங்கன்னு கொரியாவுல ஜனங்க சேனலுக்கு கெஞ்சுனாங்கன்னு மட்டும் சொல்லலாம், அய்யோ சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஜாங் கும் ஜேஜு தீவுக்கு போய் வைத்தியம் கத்துக்கிட்டு ராஜாவோட வைத்தியரா ஆகுற கதை. அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா சமையலுக்காக பாக்குறவங்க அங்க நிறுத்திக்கலாம், பாவம் இல்ல.

இதுல எது உண்மை எது கதைன்னு கேட்டீங்க இல்ல. ஜாங் கும்னு ஒரு பொண்ணு நிஜமாவே இருந்திருக்காங்க, அந்தக் காலத்துல கொரியாவ ஆண்ட ஜோசன் அரசோட அரசவைக் குறிப்புகள்ல பேர் இருக்கு. ஆனா வைத்தியரா மட்டும். 1544ல ஜுங்ஜோங் ராஜா உடம்பு முடியாம கெடந்தப்ப, என் நோய் என்னன்னு அந்த வைத்தியப் பொண்ணுக்குத் தெரியும்னு சொன்னதா ஒரு வரி. அவங்க சமைச்சாங்கன்னு அதுல ஒரு எழுத்து கிடையாது. நாம உருகி உருகி பாக்குற அந்த 27 எபிசோடும் எழுத்தாளர் கிம் யங் ஹியன் கட்டுன கதை. எனக்கு இது தெரிஞ்சப்ப ஏமாத்தமா இல்ல, உப்பு கல்லு ஒண்ண வெச்சு இவ்ளோ பெரிய குழம்பு வெச்சிருக்காங்களேன்னு தான் தோணுச்சு.

இன்னொண்ணு, சீரியல்ல அடுப்படி முழுக்க பொம்பளைங்க. நிஜத்துல ஜோசன் அரண்மனையில பெரிய சமையல் வேலை பெரும்பாலும் ஆம்பளைங்க கையிலதான் இருந்துச்சு, அவங்களுக்கு சுக்சுன்னு பேரு. 1605ல நடந்த ஒரு விருந்த வரைஞ்ச ஓவியம் இருக்கு, அதுல அடுப்புகிட்ட நிக்கிறவங்க எல்லாம் ஆம்பளைங்க. அப்புறம் மிளகா. ஜாங் கும் காலத்துல கொரியாவுல மிளகாயே கிடையாது, 1592ல ஜப்பான்காரன் படையெடுத்து வந்த காலத்த ஒட்டித்தான் அது அங்க வந்து சேந்துச்சு, அதனால அந்த ராஜா சாப்பிட்ட கிம்ச்சி (கொரியன் ஊறுகாய்) செவப்பா இருந்திருக்க வாய்ப்பில்ல. நமக்கும் அதே கதைதானே, போர்ச்சுகீசியன் வர்றதுக்கு முன்னாடி நம்ம வீட்ல காரம்னா மிளகு. பன்னெண்டு வகை தொடுகறியோட ராஜா சாப்பாடுன்னு சொல்றதும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 1795ல ஜியோங்ஜோ ராஜா அம்மாவோட அறுபதாவது பொறந்தநாளுக்காக ஹ்வாசியோங் போனப்ப என்னென்ன பரிமாறுனாங்கன்னு முழுக் கணக்கு எழுதி வெச்சிருக்காங்க, அதுல அம்மாவுக்குத்தான் நெறைய, ராஜாவுக்கு ஏழே ஏழு கிண்ணம்.

ஆனா காட்டுற சாப்பாடு புருடா இல்ல, அதுக்குப் பின்னாடி நெசமான ஆளுங்க இருக்காங்க. ஜோசன் அரண்மனை அடுப்படியில கடைசியா வேலை பாத்த சாங்குங் ஹான் ஹி சுன்னு ஒரு அம்மா. அரசு போயி, ராஜா போயி, மிச்சம் இருந்த ராஜகுடும்பத்துப் பெரியவங்களுக்கு சாங்டோக்குங் அரண்மனையில சமைச்சிட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட ஹ்வாங் ஹே சியோங்னு ஒரு வாத்தியாரம்மா 1940கள்ல போய் சேந்து, பக்கத்துலயே நின்னு, கை அளவுல போடுறதெல்லாம் அளந்து எழுதி வெச்சாங்க. நம்ம பாட்டிகிட்ட ரெசிபி கேட்டவங்களுக்கு இது எவ்ளோ பெரிய வேலைன்னு புரியும், "கண்ணளவு போடு" தானே பதில். 1971ல கொரியா அரசாங்கம் அரண்மனைச் சமையல பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்துன்னு அறிவிச்சுது, முதல் வாரிசு ஹான் ஹி சுன், அடுத்து ஹ்வாங், மூணாவது அவங்க பொண்ணு ஹான் போக் ரியோ. இந்த ஹான் போக் ரியோ தான் 'தே ஜாங் கும்'க்கு சமையல் ஆலோசகர். அதனால அந்த தட்டுல வர்ற ஒவ்வொரு பொருளும் மூணு கை மாறி வந்ததுன்னு நெனச்சுக்கிட்டு பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

அரண்மனை வேணாம், இப்ப இருக்கிற ஹோட்டல் கிச்சன் வேணும்னா 'பாஸ்டா'. 2010, 20 எபிசோடு. சோ யூ கியங்னு ஒரு பொண்ணு, கோங் ஹியோ ஜின் நடிச்சது, மூணு வருஷமா இத்தாலியன் ரெஸ்டாரண்ட்ல எடுபிடி. பாத்திரம், வெங்காயம், மீன் செதில். ஒருவழியா அடுப்புகிட்ட நிக்கிற சான்ஸ் வரும் பாருங்க, அதே நேரம் இத்தாலியில இருந்து புது செஃப் வருவான். வந்ததும் சொல்லுவான், என் கிச்சன்ல பொண்ணுங்க கிடையாது. சொன்ன மாதிரியே ஏதாவது சாக்கு வெச்சு பொண்ணுங்க எல்லாரையும் வேலைய விட்டு தூக்கிடுவான். அந்த செஃப் லீ சன் கியுன், 'பாரசைட்' படத்துல பணக்கார அப்பாவா வந்தாரே அவர்தான், 2023 டிசம்பர்ல இறந்துட்டார். அவர் குரல் இருக்கே, கத்துனாலும் கேட்டுட்டே இருக்கலாம். நிஜத்துல அப்படி கத்துற செஃப்கிட்ட வேலை பாத்தவ நான், அங்க கேட்டுட்டே இருக்க முடியாது, அது வேற.

இந்த சீரியல நெறைய பேரு லவ் ஸ்டோரியா பாக்குறாங்க. நான் அப்படி பாக்கல. நான் சேந்த புதுசுல ஹாட் கிச்சன்ல நான் ஒருத்திதான் பொண்ணு. எங்க செஃப் கெட்டவர் இல்ல, அன்பாத்தான் சொல்லுவாரு, "ஏம்மா இங்க கெடந்து வேகுற, பேஸ்ட்ரிக்கு மாத்தி விடுறேன், ஏசி இருக்கும்"னு. மூணு தடவ கேட்டாரு. மூணு தடவையும் வேணாம்னேன். 40 லிட்டர் ஸ்டாக் பாட்ட நான் தூக்குறப்ப மட்டும் அத்தன பேரும் வேலைய நிறுத்திட்டு பாப்பானுங்க. யூ கியங் அந்த செஃப் முன்னாடி அழுதுட்டே சட்டிய தேய்க்கிற மாதிரி நானும் வாக்-இன் ஃப்ரிட்ஜுக்குள்ள போய் அழுதிருக்கேன், அங்கதான் யாரும் வரமாட்டாங்க, குளிர்ல கண்ணீரும் சீக்கிரம் நிக்கும். அவ அந்த ஆள லவ் பண்றதுதான் எனக்கு கடைசி வரைக்கும் ஒத்துக்கல. நானா இருந்தா வேற ஹோட்டல்ல சி.டி.பி.யா, அதான் ஒரு ஸ்டேஷனுக்கு பொறுப்பான செஃபா, போயி உக்காந்திருப்பேன்.

ஆனா கிச்சன் வேலைய காட்டுனதுல அதுக்கு பக்கத்துல எதுவும் வராது. யாரு எந்த ஸ்டேஷன், யாரு யாருக்கு கீழ, ஆர்டர் குவியறப்ப வாய் எப்படி மாறுது, புதுசா வந்தவன பழைய ஆளுங்க எப்படி கழட்டி விடுறாங்க, எல்லாம் கரெக்ட். சாம் கிம்னு ஒரு நெசமான செஃப் கூட இருந்து ஆலோசனை சொல்லியிருக்காரு, அந்த செஃப் கேரக்டருக்கும் அவர்தான் மாதிரின்னு சொல்லுவாங்க. வந்த ஒடனே அந்த செஃப் பாஸ்டா கூட வைக்கிற ஊறுகாய் மாதிரி பிக்கிள நிறுத்திடுவான், சாப்பாடு ஒழுங்கா இருந்தா அது எதுக்குன்னு. கஸ்டமர் எல்லாம் கொதிப்பாங்க. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கேட்டு ஒரு ஆளு பிளேட்ட திருப்பி அனுப்புனத பாத்த எனக்கு அந்த சண்ட ரொம்ப நெருக்கம். அப்புறம் ஆலியோ ஓலியோ, வெறும் பூண்டு, எண்ணெய், மிளகா, பாஸ்டா வேக வெச்ச தண்ணி. ஒளிஞ்சுக்க எடமே இல்லாத அயிட்டம், நம்ம ஊர்ல ரசம் வெக்க சொல்லி புது ஆள டெஸ்ட் பண்ற மாதிரி.

பொய் எங்கன்னா, எந்த சீரியல்லயும் யாருக்கும் வேர்க்கிறதில்ல. முடி கலையாது, கையில சூடு பட்ட தழும்பு இருக்காது. வெங்காயம் வெட்டுற கை தனியா, முகம் தனியா காட்டுனா அந்தக் கை வேற ஆளோடதுன்னு எடுத்துக்கலாம். முக்கியமா, வேலை முடிஞ்சு அடுப்பு கழுவி, தரை தேச்சு, நாளைக்கு ஸ்டாக் எழுதி வெக்கிற அந்த ஒன்னரை மணி நேரம் எந்த டைரக்டர் கண்ணுலயும் படாது.

மத்தத வேகமா சொல்லிடறேன். 'கிங் ஆஃப் பேக்கிங் கிம் டாக் கு', அதுவும் 2010, 30 எபிசோடு, பணக்கார அப்பா, வில்லி பெரியம்மா, காணாம போன அம்மானு நம்ம மெகா சீரியல் மசாலா அத்தனையும் இருக்கு, ஆனா பேக்கரி பெரியவர் வெக்கிற போட்டி மட்டும் அருமை. உலகத்துலயே வயிறு ரொம்புற பிரெட் செய், ரொம்ப வேடிக்கையான பிரெட் செய், சந்தோஷமான பிரெட் செய், இதான் கேள்வித்தாள். மொத ரவுண்டுக்கு ஹீரோ பார்லி சோறு வெச்சு பிரெட் போடுவான், சின்ன வயசுல அம்மாவோட சாப்பிட்ட ஞாபகத்துல. 'ஓ மை கோஸ்ட்' 2015, பேய் புகுந்த கிச்சன் அசிஸ்டன்ட், ஜாலியா போகும், சமையல் ரெண்டாம்பட்சம். 'மிஸ்டர் குயின்' செம காமெடி, ஜனாதிபதி மாளிகை சமையல்காரன் ஒருத்தன் பழங்காலத்து ராணி உடம்புக்குள்ள போயிடுவான்.

புதுசுல 'பான் அப்பெட்டீட் யுவர் மெஜஸ்டி', 2025 ஆகஸ்ட் செப்டம்பர்ல வந்தது, நெட்ஃபிளிக்ஸ்ல இருக்கு, 12 எபிசோடுதான். பிரெஞ்சு சமையல் பண்ற செஃப் பொண்ணு, யூனா நடிச்சது, ஜோசன் காலத்துக்கு போயி கொடுங்கோல் ராஜாகிட்ட மாட்டிக்கும். மொத எபிசோடுலயே கையில கொண்டு போன கோச்சுஜாங்கும் (கொரியன் மிளகா விழுது) வெண்ணெயும் போட்டு பிபிம்பாப் (காய் எல்லாம் கலந்த சோறு) கிண்டும். மிளகா வராத காலத்து ஆளுக்கு கோச்சுஜாங், அந்த ராஜா முகத்த பாருங்க! சாப்பிட்டதும் பட்டாசு வெடிக்கிற மாதிரி கிராஃபிக்ஸ் போடுறாங்க, அது எனக்கு புடிக்கல. முகம் போதும்டா. நாக்குல பட்டதும் கண்ணு ஒரு நொடி அசையாம நிக்கும் பாருங்க, நாங்க பாஸ் பக்கத்துல நின்னு பாக்க ஏங்குறது அத மட்டும்தான். அந்த விதத்துல டிராமா இல்லாட்டியும் 2024ல வந்த 'கலினரி கிளாஸ் வார்ஸ்' பாருங்க, ரெண்டு ஜட்ஜ் கண்ண கட்டிக்கிட்டு சாப்பிடுற ரவுண்டு ஒண்ணு வரும், யாரு சமைச்சதுன்னே தெரியாம. சமைச்சவன் அவங்க வாய பாத்துட்டே நிப்பான்.

கடைசி கேள்வி, அம்மாவோட பாக்கிறது. தாராளமா பாக்கலாம். சப்டைட்டில் எப்படியும் பாதிதான் சொல்லும், சோன்மாட்னு ஒரு வார்த்த அடிக்கடி வரும், அதுக்கு கை ருசின்னு அர்த்தம், இங்கிலீஷ்ல ஏதோ சுத்தி வளைச்சு போட்டிருப்பாங்க, உங்கம்மாகிட்ட கைமணம்னு சொன்னா முடிஞ்சுது. (தமிழுக்கும் கொரியனுக்கும் இருக்கிற அம்மா அப்பா வார்த்த ஒத்துமை பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சிடும், வேணாம்.)

எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. லீவுல வீட்டுக்கு போனப்ப நான் 'தே ஜாங் கும்' ரெண்டாவது தடவையா ஓட்டிட்டு இருந்தேன், அவங்க பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சிட்டு இருந்தாங்க. தண்ணி சீன் வந்துச்சு. மொத தடவ திருப்பி அனுப்புனப்ப அம்மா நிமிந்து பாத்தாங்க. ரெண்டாவது தடவையும் அந்தப் புள்ள கிண்ணத்த தூக்கிட்டு போனப்ப கீரைய கீழ வெச்சுட்டு, "ஏண்டி, அந்தப் பொம்பளைக்கு உடம்புக்கு என்னன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு குடுத்தா என்ன இந்தப் புள்ள"ன்னாங்க.

நான் வீடியோவ நிறுத்திட்டேன். "எப்படிம்மா தெரியும், இன்னும் வரவே இல்லியே?"

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு"ன்னுட்டு மறுபடி கீரைய எடுத்துக்கிட்டாங்க.